பாசஞ்சரின் முன்னங்கால்

கண்டக்டரே,

இன்று காலை மோட்டார் அறையில் சாக்கை நனைத்துப் பிழிந்து தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். ஈரச் சணல் வாசனை எழுந்தது. வெயில் காலத்தில் எங்கள் பட்டுப்புழு மனையின் ஜன்னல்களில் தொங்கும் சாக்குகளுக்கும் இதே வாசனைதான். ஆனால் எனக்கு மனை ஞாபகம் வரவில்லை. கதவோரத்தில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு நீ என்னை ஏவும் குரல்தான் காதில் கேட்டது.

"கொஞ்சம் லூசா கட்டுய்யா. அதுக்கும் மூச்சு வேணும்."

"தண்ணிக்குள்ள கெடக்கறதுக்கு சாக்கு இறுக்குனா மூச்சு முட்டுமா?"

"உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. லூசாவே கட்டு."

இன்றும் தளர்வாகத்தான் கட்டியிருக்கிறேன். கையைத் துடைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஆமாம், எழுத. நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. மருமகள் சுமதி இலை பறிக்கப் போயிருக்கிறாள். ஒரு வரி எழுதி முடித்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததுதான் அங்கே இருக்கிறது! ஒவ்வொரு தடவையும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்தச் சந்தோஷத்தை நீ இருந்திருந்தால் ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்திச் சொல்லியிருப்பாய்.

ஏன் இந்த வயதில் படித்தேன் என்று கேட்பாய். நீ போன பிறகு தருமபுரி பேருந்து நிலையத்தில் நான் தவறான வண்டியில் ஏறிவிட்டேன். பாலக்கோட்டில் போய் இறங்கினேன். அத்தனை காலமும் எனக்கு வண்டியின் போர்டைப் படிக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. பட்டுக்கூட்டு மூட்டையோடு நிற்கும் என்னைப் பார்த்துப் படிக்கட்டில் தொங்கியபடி, "யோவ் பூச்சிக்காரா, உன் வண்டி இதுதான், ஏறு" என்று நீ கூப்பிடுவாய். கூடு நசுங்கினால் அங்காடியில் விலை போகாது என்று ஒரு தடவை சொன்னேன். அதற்கப்புறம் கடைசி சீட்டில் என் மூட்டைக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் ஆட்களை ஏற்றினாய். யாராவது அதன்மேல் சாய்ந்தால் முன்பக்கத்திலிருந்தே சத்தம் வரும். "உள்ள உசுரு தூங்குது, எழுப்பாத!" நம் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. நீ ஓய்வு பெற்ற பிறகும், நான் ஊருக்குத் திரும்பும்போது நீதான் வந்து என்னை வண்டியில் ஏற்றிவிட்டுப் போவாய். பாலக்கோட்டிலிருந்து திரும்பி வந்த அன்றே சுமதியிடம், எனக்கு எழுத்து சொல்லிக்கொடு என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பவள் அவள்தானே. வீட்டில் மருமகள், அங்கே டீச்சர். வீட்டுப் பாடம் எழுதாமல் போனால் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை முதலிலேயே எழுதிவிடலாம். ஆனால் நீ பாசஞ்சரோடு வந்து இறங்கிய நாளிலிருந்து சொல்ல ஆசைப்படுகிறேன். எழுதும்போது அந்த நாள் திரும்ப வருகிறது. எனக்கு இது புதிது.

போன பங்குனி. நல்ல வெயில். சர்க்கரை நோயில் உன் இடது காலின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். வண்டியில் வராதே என்று பெங்களூரில் இருக்கும் உன் மகன் சொல்லியிருந்தான். நீ வந்தாய். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதைச் சுற்றி ஈரத் துண்டு. பைக்குள் தண்ணீர். தண்ணீருக்குள், ஒரு சாண் நீளத்தில், வெளுத்த உடம்போடு ஒரு பிராணி. தலையின் இரண்டு பக்கமும் சிவப்பு நூல் குஞ்சம் போலச் செவுள்கள். வால் மீன் மாதிரி, கால் பல்லி மாதிரி.

"என்னாய்யா இது?"

"ஆக்சலோட்டிலாம். மெக்சிகோ பக்கத்துப் பிராணி. பேரு வாயில நொழையல. நான் பாசஞ்சர்னு வெச்சுட்டன்."

"முன்னங்கால் ஒண்ணு காணமே."

"மத்தது கடிச்சுத் தின்னுட்டுதாம். பேத்தி ஊருக்கு வரான்னு தங்க மீன் வாங்கப் போனன். கண்ணாடித் தொட்டியில இது கெடந்துது. கடைக்காரத் தம்பி சொல்றான், 'கால் போனா என்னாங்க, தானா மொளைச்சுக்கும், இதுக்கு அதுதான் விசேஷம், கொறச்சு தரன் எடுத்துக்கங்க'ன்னு."

"மொளைக்குமா?"

"பேத்தி போன்ல தேடிப் பாத்துச் சொன்னா. மொளைக்குமாம். ஆனா தண்ணி சில்லுனு இருக்கணும், சுத்தமா இருக்கணும், கூட்டத்துல போடக் கூடாது, வயித்துக்கு இருக்கணும். தானா ஒண்ணும் மொளைக்காது பூச்சிக்காரா. கடையில இதுல ஒண்ணுகூட இல்ல."

நான் உன் செருப்பைப் பார்த்தேன். நீ கவனித்துவிட்டாய். "என் வெரலையும் அதோட காலையும் சேத்து முடிச்சுப் போடாத. எனக்கு மொளைக்காதுன்னு எனக்குத் தெரியும். என் வூடு அடுப்பு மாதிரி காயுது. உன் பூச்சி வூடு குளுகுளுன்னு இருக்குமே, அங்க ஒரு மூல குடு" என்றாய்.

சுமதி வாசலில் வந்து நின்றுவிட்டாள். எங்கள் தொழில் உனக்குத் தெரிந்ததுதான். வாசலில் தொட்டி வைத்து, பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத்தான் மனைக்குள் போக வேண்டும். வேறு எதையும் தொட்ட கையோடு இலை போடக் கூடாது. ஒரு புழு சோர்ந்து கிடந்தாலும் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்பில் போட்டுவிடுவோம். நோய்ப்புழுவுக்கு வைத்தியம் என்று எங்களிடம் எதுவும் கிடையாது.

"கண்டக்டர் மாமா, நீங்க வேணா கால் கழுவிட்டு உள்ள வாங்க. அது வரக் கூடாதுங்க. நோவு வந்தது உள்ள வந்தா என் பூச்சி மொத்தமும் போய்டும்."

"நான் உள்ள வந்து என்னாம்மா பண்றது, எல தின்னவா?"

அவள் சிரித்தாள், ஆனால் வழி விடவில்லை. அப்படித்தான் பாசஞ்சர் மோட்டார் அறைக்கு வந்தது. பழைய கல் கட்டடம், மேலே புங்க மர நிழல், பக்கத்திலேயே கிணறு. மோட்டாரைத் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றுக்கு மாற்றிய பிறகு அங்கே சத்தமும் இல்லை. நல்ல இடம்தான்.

அன்று நீ ஒரு காரியம் செய்தாய். தொட்டி தேடிக்கொண்டு நான் வீட்டுக்குப் பின்னால் போனேன். நீ சும்மா இருக்கக் கூடாதா? இந்த வீட்டில் இருப்பதிலேயே சுத்தமான பாத்திரம் எது என்று யோசித்திருக்கிறாய். மனை வாசலில் கால் நனைக்கும் பிளாஸ்டிக் தொட்டி உன் கண்ணில் பட்டது. அதைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு சொம்பு தண்ணீரில் அலசி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, பாசஞ்சரை விட்டுவிட்டாய். பிளீச்சிங் ஊறிய தொட்டி. அது துள்ளியது. செவுள் குஞ்சங்கள் முன்பக்கமாகச் சுருண்டுகொண்டன. "யோவ்! யோவ்!" என்று நீ கத்துகிறாய், ஆனால் தொடப் பயம்.

ஓடி வந்தது சுமதி. இரண்டு கையாலும் அதை அள்ளினாள். குடிதண்ணீர்ப் பானையில் போட்டாள். கிணற்றுத் தண்ணீர் நிறைந்த புதுப் பானை அது. பாசஞ்சர் அடியில் போய் அசையாமல் கிடந்தது. நாம் மூவரும் பானையைச் சுற்றி நின்றோம். வெகு நேரம் கழித்துச் செவுள் மெதுவாக விரிந்தது.

"படிச்சவரு, ஊரெல்லாம் சுத்துனவரு, உங்களுக்கு ஏங்க இந்த வேல?" என்று சுமதி உன்னைத் திட்டினாள். பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். அந்தக் கையோடு மனைக்குள் போக முடியாது. தலைக்குக் குளித்து, சேலை மாற்றி, அப்புறம் போய் இலை போட்டாள். அன்று புழுக்களுக்குச் சாப்பாடு தாமதம். நீ பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து, பானையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் குளித்துவிட்டுப் போகும்போது பானைக்குள் எட்டிப் பார்த்து, "உசுரு இருக்குதுங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் பாசஞ்சருக்கு எங்கள் வீட்டில் எதிரி கிடையாது.

வேலை நமக்குள் தானாகப் பிரிந்துகொண்டது. குளிர்ச்சி என் பொறுப்பு. வெயிலை எப்படி வெளியே நிறுத்துவது என்பது புழு வளர்த்தவனுக்குத் தெரியாதா? நான் தேடி எடுத்து வந்த தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு, உச்சி வெயிலில் சுமதியின் பிரிட்ஜில் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்று. நீ பஸ் டிப்போவில் இருக்கும் பாதாம் மரத்தின் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வருவாய். புண்ணில் பஞ்சு மாதிரிப் பூசணம் பிடிக்காமல் இருக்க அந்த இலையை ஊறப்போட்ட தண்ணீர் நல்லது என்று பேத்தி சொல்லியிருந்தாள். மல்பெரி வரப்பில் மண்புழு தோண்டியது நான், கழுவியது நீ. "முப்பது வருசம் டிக்கெட் கிழிச்ச கை, இப்ப மண்புழு கழுவுது" என்று சலித்துக்கொள்வாய். கழுவுவதை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டாய்.

கால் போன இடத்தில் சின்னதாக, அரிசி முனை போல ஒரு மொட்டு வந்தது. முதலில் பார்த்தது நீதான். விசில் இருந்திருந்தால் ஊதியிருப்பாய்.

அந்தச் சந்தோஷத்தில்தான் நம் சண்டையும் வந்தது. கடையில் இன்னும் மூன்று இருக்கின்றன என்றாய். ஒன்று செவுள் தின்னப்பட்டது, ஒன்றுக்கு உடம்பில் வெள்ளைப் பூசணம், ஒன்று கூழாங்கல்லை விழுங்கிவிட்டு மேலே மிதக்கிறது. மூன்றையும் வாங்கி வந்துவிடலாம் என்றாய்.

"வேணாம்யா. நீ வாங்குனா, நோவு வந்தாலும் போவுதுன்னு அவன் இன்னும் நாலு கொண்டாருவான். நீ காசு குடுத்து நோவ வளத்து வுடற."

"வாங்கலன்னா அது சாவும்."

"சாவும்தான். எங்க தொழில்ல..."

"உன் தொழில நிறுத்துய்யா. வாந்தி எடுக்கற பொம்பளய சித்தேரி மலப் பாதையில எறக்கி வுட்டுட்டுப் போலாம்னு ஒரு நாள் வண்டியே சொல்லுச்சு. மொத்த வண்டியும். நான் எறக்கல. நேரா அரூர் ஆஸ்பத்திரி வாசல்ல போய்த்தான் வண்டி நின்னுது."

"அது மனுசி. நீ காசு குடுத்து வாங்கல."

நீ செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாய். அன்று சொல்லிக்கொள்ளாமலேயே வண்டி ஏறிவிட்டாய். அந்தச் சண்டையில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. நான் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மிதந்துகொண்டிருந்த அந்த ஒன்றின் முன்னால் நின்று அந்த நியாயத்தைச் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

நீ அதை வேறு விதமாகத் தீர்த்தாய். வாங்கவும் இல்லை, விடவும் இல்லை. மறுநாள் அந்தக் கடைக்குப் போய், கால் வலிக்கிறது என்று சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி, வாசல் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாய். அடுத்த நாளும் உட்கார்ந்தாய். சேதி கேட்டு நான் வந்து பார்த்தபோது, ஒரு பெண் தன் மகளோடு தொட்டியின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐ, எவ்ளோ அழகா சிரிக்குது பாருடி."

"அது சிரிக்கலம்மா" என்றாய், வண்டியின் கடைசி சீட் வரை கேட்கும் குரலில். "அதுக்கு வாயே அப்பிடித்தான். செத்தாலும் அப்பிடியேதான் இருக்கும். செவுளப் பாருங்க, கடிபட்டிருக்குது. சில்லுனு தண்ணி வேணும், நம்ம ஊரு வெயில் ஆவாது. வூட்ல அதுக்கு ஏற்பாடு இருந்தா எடுங்க. இல்லன்னா இந்த வண்டியில ஏறாதீங்க."

அந்தப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கடைக்காரத் தம்பி வெளியே வந்து கும்பிட்டான்.

"ஐயா, ஒரு நாள்னா பரவால்லங்க. டெய்லி ஒக்காந்தா நான் எங்கங்க போவன்?"

"எங்கயும் போவாத. நீயும் ஒரு சேர் போட்டு ஒக்காரு."

"பெட்டியில வரும்போதே பாதி இப்பிடித்தாங்க வருது. ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டு, பட்டினியா அனுப்பறாங்க. ஒண்ண ஒண்ணு கடிச்சுக்குது. திருப்பி அனுப்புனா எடுத்துக்க மாட்டாங்க. நான் என்னாங்க பண்ணட்டும்?"

அவன் அழாத குறையாகச் சொன்னான். நீ என்னைப் பார்த்தாய். "சாக்கு எப்பிடிக் கட்றதுன்னு சொல்லிக் குடுய்யா இவனுக்கு." அன்று சாயங்காலம் நாம் மூவருமாகச் சேர்ந்து அந்தத் தொட்டியை வெயிலிலிருந்து உள்ளே நகர்த்தினோம். கூழாங்கல்லை எல்லாம் வாரினோம். மூன்றையும் ஒன்றுக்கு ஒன்று தெரியாமல் தனித்தனிப் பக்கெட்டில் விட்டோம். மிதந்தது மறுநாள் செத்துப்போயிற்று. மற்ற இரண்டும் தேறின. தேறும்வரை விற்கவில்லை அவன். அதைச் சொல்லியாக வேண்டும்.

சித்திரையில் உன்னைத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் வந்தபோது மூக்கில் குழாய் இருந்தது. நீ முதலில் கேட்டது என்னவென்று உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ.

"மொட்டு என்னாச்சு?"

"கொஞ்சம் நீண்டிருக்குது. நுனி தட்டையா இருக்குது."

"வெரல் பிரிஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"எத்தினி வெரல் வருதுன்னு பாத்து வந்து சொல்லு. முன்னங்காலுக்கு நாலு வரணுமாம். சும்மா மொண்டியா வந்தா அந்தத் தம்பி சொன்னது பொய்யி."

"அவன் சொன்னது பொய்யின்னு நீதானய்யா சொன்ன?"

"தானான்னு சொன்னான் பாரு, அதான் பொய்யி. மொளைக்கும்ன்றது நெசமா இருக்கணும்யா."

பார்த்து வந்து சொல்கிறேன் என்றேன். விரல் பிரிவதற்குள் நீ போய்விட்டாய். சுடுகாட்டுக்கு அந்தக் கடைக்காரத் தம்பியும் கடையை மூடிவிட்டு வந்திருந்தான். ஓரமாக நின்றுவிட்டுப் போனான்.

சேதி இதுதான். ஆடியில் ஒரு நாள் காலை, நான் சாக்கு மாற்றும்போது பாசஞ்சர் மண்புழுவைப் பிடிக்க முன்னால் வந்து தொட்டியின் சுவரில் கை வைத்தது. நாலு விரல். ஒவ்வொன்றும் சோற்றுப் பருக்கையின் பாதி இருக்கும், வெளிச்சம் உள்ளே தெரிந்தது. மற்றக் காலைவிடக் கொஞ்சம் குட்டை, கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. ஆனால் நாலு. நான் சுமதியைக் கூப்பிட்டேன். மனையில் இலை போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே வந்து பார்த்தாள். "நாலும் வந்துடுச்சுங்களே மாமா" என்று சொல்லி, தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு மறுபடி குளிக்கப் போனாள்.

அன்று உன்னிடம் வந்து சொல்ல எனக்கு வழி இல்லை. எழுத்து அப்போது ஆனா ஆவன்னாவில் நின்றது. இப்போதுதான் சொல்ல முடிந்திருக்கிறது. நீ கேட்டது நிஜம், கண்டக்டரே. முளைக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். போன வாரம் அங்காடியில் கூடு போட்டுவிட்டு, அந்தத் தம்பியின் கடை இருக்கும் சந்து வழியாக வந்தேன். இப்போது எனக்குப் பார்ப்பதை எல்லாம் படிக்கத் தோன்றுகிறது. டீக்கடை, சலூன், சைக்கிள் கடை எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வந்தேன். மீன் கடையில் புதுப் போர்டு. ஒரு எழுத்தில்கூடத் தடுமாறாமல், ஒரே மூச்சில் படித்துவிட்டேன். "சிரிக்கும் மீன் வந்துள்ளது." அவ்வளவு நீளமாக நான் நிற்காமல் படித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கை தட்டத் தோன்றியது. பிறகுதான் நான் என்ன படித்தேன் என்பது மனதில் இறங்கியது.

உள்ளே போனேன். புதுப் பெட்டி. ஐந்தாறு உருப்படிகள். தொட்டி நிழலில்தான் இருந்தது, சாக்கும் கட்டியிருந்தான், அதுவரை சரி. ஆனால் ஒன்றுக்கு வால் நுனி இல்லை, ஒன்றுக்குப் பின்னங்கால் இல்லை. தம்பி என்னைப் பார்த்துத் தலை குனிந்துகொண்டான். வாடகை, கரண்ட் என்று என்னவோ ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திவிட்டான். கடைக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தான். அதே நாற்காலி. கைப்பிடியில் நீ வெற்றிலைச் சுண்ணாம்பு தடவிய கறை அப்படியே இருக்கிறது.

"ஒக்காருங்க ஐயா. கண்டக்டர் ஐயா சேருதான். யாரையும் இதுல ஒக்கார வுடல." பிறகு மெதுவாகக் கேட்டான். "போர்ட கழட்டிடட்டுங்களா?"

"இருக்கட்டும்பா. நான் படிக்கணும்" என்றேன்.

உட்கார்ந்தேன். இனி கூடு கொண்டுபோகும் நாளெல்லாம் அங்கே உட்கார்வதாக இருக்கிறேன். வாங்கக் கூடாது என்ற என் பேச்சை நான் மாற்றிக்கொள்ளவில்லை. உன் குரல் எனக்கு இல்லை, கடைசி சீட் வரை கேட்காது. ஆனால் தொட்டியின் முன் நிற்பவர்களுக்குக் கேட்கும். அன்று ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு அவன் அப்பா வந்தார். நான் எழுந்து நின்று, போர்டின் மேல் விரல் வைத்து, எழுத்துக் கூட்டாமல் முழுசாகப் படித்துக் காட்டினேன். "சிரிக்கும் மீன் வந்துள்ளது." அவர், "ஆமாங்க, தெரியுதுங்க" என்றார்.

பிறகு அதில் எழுதாததைச் சொன்னேன்.

"அது சிரிக்கலங்க. அதுக்கு வாயே அப்பிடித்தான்."